ஒரு கேபிள், மூன்று கோளாறுகள்: வீட்டுக் கணினியை டிவியோடு இணைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வீட்டில் இருவர். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்திருந்தது, இன்னொரு கண்ணில் பார்வை குறைவு. மகன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். அம்மாவின் பொழுது பெரும்பாலும் படிப்பதில் போகும்: ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள், உறவினர்களின் மின்னஞ்சல்கள், செய்திகள். எல்லாம் மகனுடைய கணினியில், 22 அங்குல மானிட்டரில். குனிந்து குனிந்து கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். ஹாலில் 43 அங்குல 4கே டிவி ஒன்று (குறுக்கே 3840, நெடுக்கே 2160 பிக்சல், அதாவது படப் புள்ளிகள்) பகல் முழுவதும் சும்மா இருந்தது. "அதுல தெரியுற மாதிரி செய்ய முடியாதா?" என்று அம்மா கேட்டார். விஷயம் அங்கே தொடங்கியது.

கணினி அடுத்த அறையில் இருக்கிறது. நேராகப் பார்த்தால் டிவிக்கு 4 மீட்டர் கூட இல்லை. ஆனால் சுவரோரமாகப் போய், கதவுச் சட்டத்தைச் சுற்றி வந்தால் 8 மீட்டரைத் தாண்டுகிறது. கம்பியில்லாமல் அனுப்பும் வழியை மகன் முதலில் முயன்று பார்த்திருந்தார். படம் வந்தது. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி ஒரு கணம் கழித்தே நகர்ந்தது, பக்கத்தை உருட்டும்போது எழுத்துகள் கலங்கின. சுருக்கி அனுப்பப்படும் படத்தில் சினிமா பார்க்கலாம், பக்கம் பக்கமாகப் படிக்க முடியாது. சரி, கேபிளே போடலாம் என்று முடிவு செய்து படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும் 10 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் கேசிங் பட்டைக்குள் ஓட்டி முடித்துவிட்டார். டிவியில் வந்தது "சிக்னல் இல்லை" என்ற ஒரே வரி. அந்த மாலைதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் மாலை: படம் வந்தது, பிரச்சினையும் வந்தது

படம் வராததற்குக் காரணம் தெரிய ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. கேபிள், யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருந்த எச்டிஎம்ஐ துளையில் செருகப்பட்டிருந்தது. அது மதர்போர்டினுடையது, அதாவது கணினியின் முதன்மைப் பலகையினுடையது. இந்தக் கணினியில் திரைக்குப் படத்தை உருவாக்கி அனுப்பும் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, மானிட்டர் அதிலிருந்துதான் ஓடுகிறது. தனிக் கார்டு போட்டால் மதர்போர்டின் துளை பெரும்பாலும் செயலிழந்து கிடக்கும். பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இல்லாத வகை என்றால் அது எப்போதுமே வேலை செய்யாது. கீழே படுக்கைவாட்டில் இருக்கும் துளைகளில் ஒன்றுக்கு மாற்றினோம். டிவியில் படம் வந்துவிட்டது.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எழுத்து அதே அளவுதானே இருக்கு தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. 43 அங்குல 4கே திரை என்பது, கணக்குப்படி, 21.5 அங்குல சாதாரண 1080 மானிட்டர் (1920-க்கு 1080 பிக்சல்) நான்கை ஒட்டி வைத்தது போல. ஒரு பிக்சலின் அகலம் இரண்டிலும் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். விண்டோஸில் எழுத்தின் அளவை 100 சதவீதத்தில் வைத்துவிட்டால் திரை பெரிதாகும், எழுத்து பெரிதாகாது. நிறைய இடம் கிடைக்கட்டும் என்று மகன் 100-ல் வைத்திருந்தார். 300-க்கு ஏற்றினோம். அம்மாவின் முகம் மாறியது.

ஆனால் அதன் பிறகு அந்த ஒரு மாலையிலேயே கண்ணில் பட்டவை இவை. அம்புக்குறி விட்டு விட்டு நகர்ந்தது. விண்டோஸில் பார்த்தால் திரை 30 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 30 படமாக, ஓடுகிறது, 60 என்ற வாய்ப்பே பட்டியலில் இல்லை. சில நிமிடத்துக்கு ஒரு முறை படம் முழுவதும் இருண்டு, இரண்டு விநாடி கழித்துத் திரும்பியது. வெள்ளையில் கறுப்பு எழுத்து தெளிவாக இருந்தது, ஆனால் மின்னஞ்சல்களில் சிவப்பில் வந்த வரிகள் மை ஊறியது போல இருந்தன. ஒலி டிவியில் வரவில்லை.

முதல் முடிவு, அதில் என் தவறு

கணினி 2016-ல் வாங்கியது. இத்தனை கோளாறையும் ஒன்றாகப் பார்த்ததும் என் வாயில் வந்தது, "கார்டு பழசு, 4கே தாங்கவில்லை" என்பதுதான். 30 ஹெர்ட்ஸோடு நிற்பது பழைய எச்டிஎம்ஐ தரத்தின் அடையாளம் என்று எனக்குப் பழக்கம். 2009-ல் வந்த 1.4 தரம் 4கே-ஐ 30 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுபோகும், 60-க்கு 2013-ல் வந்த 2.0 தரம் வேண்டும். மகன் அன்றிரவே புதுக் கார்டு தேடத் தொடங்கிவிட்டார்.

அடுத்த நாள் அந்தக் கார்டின் மாடலைத் தேடிப் பார்த்தபோது அதில் எச்டிஎம்ஐ 2.0 இருப்பது தெரிந்தது. வாங்க வேண்டாம் என்று உடனே போன் செய்து நிறுத்தினேன். மாடலைப் பார்க்காமல் வயதை வைத்துத் தீர்ப்புச் சொன்னதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இன்னொரு பெரிய தவறும் அதில் இருந்தது. ஐந்து அறிகுறிகளுக்கும் ஒரே காரணம்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை.

இரண்டாம் முறை: சிபியுவை ஹாலுக்குத் தூக்கிப் போனோம்

இந்த முறை கையில் ஒன்றரை மீட்டர் கேபிள் ஒன்றைக் கொண்டு போனேன். 2.0 தரத்துக்கு மேலேயே சோதிக்கப்பட்டது, இன்னொரு கருவியில் நான் தினமும் பயன்படுத்துவது. சிபியுவை அடுத்த அறையிலிருந்து தூக்கி வந்து டிவிக்குப் பக்கத்திலேயே வைத்து, அந்தக் குட்டிக் கேபிளில் இணைத்தோம். வேறு எதையும் தொடவில்லை.

அரை மணி நேரம் பார்த்தோம். படம் ஒரு முறை கூட இருளவில்லை. ஆனால் 30 ஹெர்ட்ஸ் அப்படியே இருந்தது, சிவப்பு எழுத்தும் அப்படியே மங்கியிருந்தது.

இந்த அரை மணி நேரம்தான் முழு வேலையிலும் முக்கியமானது. இருள்வது கேபிளால், மற்ற இரண்டும் கேபிளால் அல்ல. குறைந்தது இரண்டு வேறு காரணங்கள் இருக்கின்றன.

30 ஹெர்ட்ஸ் பற்றி: கணினி தன் இஷ்டத்துக்கு ஒரு அளவைத் தேர்ந்தெடுப்பதில்லை. இணைத்த உடனே டிவி, தன்னால் என்னென்ன காட்ட முடியும் என்ற ஒரு சிறிய தகவல் தொகுப்பைக் கேபிள் வழியாகவே கணினிக்கு அனுப்புகிறது. விண்டோஸில் வரும் பட்டியல் அதிலிருந்து வருவது. அதாவது 60 பட்டியலில் இல்லை என்றால், டிவியே "என்னால் முடியாது" என்று சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். டிவியின் அமைப்புகளுக்குள் போய்த் தேடினோம். உள்ளீட்டுத் துளைகள் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சிறிய வாய்ப்பு இருந்தது, நான்கு படி உள்ளே. ஒவ்வொரு நிறுவனம் ஒவ்வொரு பெயர் வைக்கிறது: ஆழ்நிறம் என்பார்கள், மேம்பட்ட வடிவம் என்பார்கள். பழைய கருவிகள் குழம்பக்கூடாது என்று தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதை அணைத்து வைப்பது வழக்கம். அதை இயக்கியதும் திரை ஒரு கணம் இருண்டு திரும்பியது. விண்டோஸ் பட்டியலில் 60 ஹெர்ட்ஸ் வந்து உட்கார்ந்தது.

கார்டு வாங்கியிருந்தால் அதே 30-லேயே நின்றிருக்கும்.

சிவப்பு எழுத்து

இதற்கு இன்னும் ஒரு மணி நேரம் போனது. கார்டின் அமைப்பில் நிறம் முழுதாகத்தான் போகிறது என்று காட்டியது. அப்படியானால் மங்கலாக்குவது டிவி.

வீடியோ உலகில் ஒரு பழைய சிக்கனம் உண்டு. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவாகப் பார்க்காது. அதனால் ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சத்தைத் தனித்தனியே வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பக்கத்துப் பிக்சல்களோடு பகிர்ந்துவிடுவார்கள். 4:2:0 என்ற குறியீடு இதில் ஒரு வகை. அதில் இரண்டுக்கு இரண்டாக நான்கு பிக்சலுக்கு நிறம் ஒன்றே. திரைப்படத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கறுப்பு வெள்ளை எழுத்திலும் தெரியாது, அங்கே வேறுபாடு முழுவதும் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. சாம்பலின் மேல் சிவப்பு, கறுப்பின் மேல் நீலம் என்று வந்தால் எழுத்தின் ஓரம் அழிந்துவிடும். பல டிவிகள், முழு நிறம் வந்தாலும், உள்ளே படத்தை மெருகேற்றும் வழியில் இந்தச் சிக்கனத்தைத் தாங்களே செய்துவிடுகின்றன.

தீர்வு கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். உள்ளீட்டின் பெயரை மாற்றுவது. அந்தத் துளைக்கு "பிசி" என்று பெயர் வைத்து அதற்கான சின்னத்தை (ஐகானை) தேர்ந்தெடுத்ததும், டிவி மெருகேற்றும் வேலைகளை நிறுத்திவிட்டது. சிவப்பு எழுத்து கூர்மையாக வந்தது. அம்புக்குறி இன்னும் வேகமாகக் கைக்குப் பின்னாலேயே வந்தது, அதே காரணத்தால். இந்த வசதி எல்லா டிவியிலும் பெயர் மாற்றுவதில் இல்லை. சிலவற்றில் விளையாட்டு முறை என்ற அமைப்பில் கிடைக்கும்.

கூடவே இரண்டு சின்ன வேலைகள். கூர்மை என்ற அளவு 50-ல் இருந்தது, எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. பூஜ்ஜியத்துக்கு இறக்கினோம். பெயர் மாற்றிய பிறகு கறுப்பு சாம்பலாகத் தெரிந்தது. கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவைக் கணினி 0 முதல் 255 வரை அனுப்புகிறதா, வீடியோ வழக்கப்படி 16 முதல் 235 வரை அனுப்புகிறதா என்பதில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் முழு அளவுக்கு வைத்ததும் சரியானது.

கேபிள்

சிபியு தன் அறைக்குத் திரும்பியது. 10 மீட்டர் கேபிளில் மறுபடி செருகினோம். 60 ஹெர்ட்ஸில் திரை முழுக்க வெள்ளைப் பொறிகள், பிறகு கறுப்பு, பிறகு எதுவுமில்லை.

எண்களைப் பார்த்தால் வியப்பில்லை. 4கே 60 ஹெர்ட்ஸில் முழு நிறத்தோடு போனால் கம்பியில் விநாடிக்கு 17.82 கிகாபிட். 30 ஹெர்ட்ஸில் அதில் சரிபாதி, 8.91. அந்தக் கேபிள் 8.91-லேயே தடுமாறிக்கொண்டிருந்தது, அதுதான் நாங்கள் பார்த்த இருட்டு. உறுதிப்படுத்திக்கொள்ள 60 ஹெர்ட்ஸை 4:2:0 நிறத்தில் அனுப்பிப் பார்த்தேன். அதன் சுமையும் 8.91-தான். படம் வந்தது, முன்பு போலவே சில நிமிடத்துக்கு ஒரு முறை இருண்டது, சிவப்பு எழுத்தும் பழையபடி மங்கியது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

நீளமான செப்புக் கம்பியில் வேகம் கூடக் கூட சிக்னல் தேய்கிறது. பழைய 1080 திரைக்கு 60 ஹெர்ட்ஸில் 4.46 கிகாபிட் போதும், அந்த வேகத்தில் இதே 10 மீட்டர் கேபிள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. அட்டையில் 4கே என்று போட்டிருந்தது பொய்யும் அல்ல. எத்தனை ஹெர்ட்ஸ் என்று போடவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 1080-லேயே விட்டுவிட்டால் வேறு செலவே இல்லை. நான் அதைத்தான் விரும்பினேன், காரணமும் இருந்தது. நல்ல பார்வை உள்ள கண் 2 மீட்டர் தூரத்தில் பிரித்தறியக்கூடிய அளவு சுமார் 0.58 மில்லிமீட்டர். இந்த டிவியில் 1080-ஐ ஓட்டினால் ஒரு புள்ளியின் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர். ஹாலில் நாற்காலி இருக்கும் இடத்திலிருந்து 4கே-யும் 1080-ம் ஒன்றுதான். பார்வை குறைந்தவருக்கு இன்னும் வித்தியாசம் தெரியாது என்று எண்ணினேன்.

1080-க்கு மாற்றியதும் திரையின் விளிம்பு வெட்டுப்பட்டது, கீழ்ப்பட்டை பாதி காணவில்லை. குழாய் டிவிக் காலத்தில் ஓரங்கள் சீராக வராது என்பதால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி விளிம்பை மறைப்பார்கள். அந்தப் பழக்கம் இன்னும் பல டிவிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மகன் அதற்குள் கார்டின் மென்பொருளில் படத்தைச் சுருக்கிவிட்டார். விளிம்பு தெரிந்தது, எழுத்து குழைந்தது, ஏனென்றால் இப்போது படம் இரண்டு முறை அளவு மாற்றப்படுகிறது. அதை நீக்கிவிட்டு, டிவியின் பட அளவை "திரைக்குப் பொருத்து" என்பதில் வைத்தோம்.

அம்மாவை உட்காரச் சொன்னோம். அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். இன்னும் இழுத்தார். ஒரு மீட்டரில் வந்து நின்றார். "ஓரமெல்லாம் பல் பல்லா இருக்கு."

என் கணக்கு 2 மீட்டருக்கானது. 1 மீட்டரில் கண் பிரித்தறியும் அளவு 0.29 மில்லிமீட்டராகிவிடும், அரை மில்லிமீட்டர்ப் புள்ளி தெரியத்தான் செய்யும். அதுவும் ஒரு கண் அறுவைக்குப் பிறகு நன்றாகவே பார்க்கிறது. பார்வை குறைந்தவர் பக்கத்தில் போய் உட்காருவார் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். 4கே-தான் வேண்டும் என்று முடிவானது.

மூன்று வழிகள் இருந்தன. சிபியுவையே ஹாலுக்கு மாற்றுவது: மகனின் வேலைக்கு ஒத்துவராது. இடையில் சிக்னலை வலுப்படுத்தும் பெருக்கி ஒன்றைப் போடுவது: இன்னொரு பெட்டி, இன்னொரு மின்செருகி, பழுதாக இன்னொரு இடம். ஒளியிழைக் கேபிள்: இரு முனையிலும் சிறிய சில்லுகள் இருக்கும், நடுவில் வேகமான தகவல் ஒளியாகப் போகும், 10 மீட்டர் அதற்கு ஒரு தூரமே அல்ல. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

புதுக் கேபிளை மகனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேசிங் முழுவதும் ஓட்டி, மூடிகளை அழுத்தி மூடி, செருகினோம். படம் வரவில்லை. இந்த வகைக் கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு முனை கணினிக்கு, மறுமுனை டிவிக்கு, முனையிலேயே பொறித்திருக்கும். நாங்கள் தலைகீழாக ஓட்டியிருந்தோம். மூடிகளைத் திறந்து மறுபடி ஓட்ட ஒன்றரை மணி நேரம். தரையில் நீட்டிப் போட்டு ஒரு நிமிடம் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு இந்தத் திசை விஷயம் முன்பே தெரியும் என்பதுதான் கொடுமை.

திருப்பிப் போட்டதும் 4கே, 60 ஹெர்ட்ஸ், முழு நிறம். இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம், ஒரு முறையும் இருளவில்லை.

ஒலியும் மற்றவையும்

ஒலி வராததற்குக் காரணம் எளிது: விண்டோஸ் ஒலியைப் பழைய ஸ்பீக்கருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒலிக்குறியைத் தொட்டு டிவியைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

கம்பியில்லாக் கீபோர்டு சில எழுத்துகளை விழுங்கியது. அதன் சமிக்ஞையைப் பெறும் குட்டி ரிசீவர் சிபியுவின் பின்னால், யுஎஸ்பி 3 துளை ஒன்றில், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. வேகமான யுஎஸ்பி 3 இணைப்புகள் கீபோர்டு பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும். யுஎஸ்பி 2 துளையிலிருந்து 3 மீட்டர் நீட்டிப்பு ஒன்றைப் போட்டு ரிசீவரைக் கதவோரத்துக்குக் கொண்டுவந்தோம்.

பின்னர் நடந்தது

இரண்டாம் வாரத்தில் மகனிடமிருந்து போன்: கணினி செத்துவிட்டது, மானிட்டர் இருட்டாக இருக்கிறது. செத்திருக்கவில்லை. முந்தைய இரவு அம்மா படிக்கும்போது படம் டிவியில் மட்டும் வரும்படி வைத்துவிட்டு, ரிமோட்டில் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்கள். சில டிவிகள் அணைந்த பிறகும் "இணைப்பில் இருக்கிறேன்" என்ற சமிக்ஞையைக் கேபிளில் விட்டுவைக்கும். கணினி அதை நம்பி, யாரும் பார்க்காத திரைக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. விண்டோஸ் பொத்தானோடு பி-ஐ அழுத்தி, படம் எந்தத் திரையில் வர வேண்டும் என்பதை மாற்றும்படி போனிலேயே சொல்லி மீட்டோம். இரண்டிலும் ஒரே படம் வரும் முறையை முயன்றபோது 4கே டிவி மானிட்டரின் 1080-க்கு இறங்கிவந்தது. இப்போது இரண்டு திரையும் நீட்டிப்பு முறையில், ஒன்றின் தொடர்ச்சியாக இன்னொன்று என்று இருக்கின்றன. டிவிப் பக்கத்தில் படிக்கும் மென்பொருள் மட்டும் திறக்கும்.

ஆறு மாதம் ஆகிறது. படம் இருண்டதாகப் புகார் இல்லை. அம்மா மாலையில் இரண்டு மணி நேரம் படிக்கிறார், நாற்காலி ஒரு மீட்டரிலேயே இருக்கிறது. கழுத்து வலி குறைந்ததாகச் சொல்கிறார். அது திரையாலா நாற்காலியாலா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த முறை மாற்றிக்கொள்ள இருப்பவை

முதல் மாலையே சிபியுவை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, நம்பகமான குட்டிக் கேபிளில் தொடங்குவேன். அங்கே எல்லாம் சரியான பிறகுதான் நீளமான கேபிளைப் பற்றிப் பேச்சு. இந்த வீட்டில் கேபிள் முதலில் வந்து, கேசிங்கும் அடித்து முடிந்துவிட்டது, அதனாலேயே அதைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ரிமோட்டின் தகவல் பொத்தானை முதலில் அழுத்துவேன். டிவி என்ன பெறுகிறது என்று அதுவே திரையில் எழுதிக்காட்டும்: எத்தனை பிக்சல், எத்தனை ஹெர்ட்ஸ். கணினி சொல்வதும் டிவி சொல்வதும் வேறுபட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

படிக்கப் போகிறவர் எங்கே உட்காருவார் என்று அளந்துவிட்டுத்தான் 4கே-யா 1080-ஆ என்று வாயைத் திறப்பேன்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. கணினியை இயக்கினால் டிவி தானாக விழிப்பதில்லை. மற்ற கருவிகள் எச்டிஎம்ஐ வழியே டிவியை எழுப்பும் வசதி கணினிக் கார்டுகளில் பொதுவாக இருப்பதில்லை. அம்மா ரிமோட்டில் டிவியைப் போட்டு, "பிசி" என்று எழுதிய சின்னத்துக்கு வரும்வரை அம்பை அழுத்துகிறார். மூன்று அழுத்து. அதற்கு மேல் போய்விட்டால் மகனைக் கூப்பிடுகிறார்.